கடையில் ஒருவர் எல்லை மீறினால்: அனுப்புவதா, மெமோவா, விசாரணையா?

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல் ஒரு துணிக்கடை முதலாளி போன் செய்தார். நாகர்கோவிலில் 25 பேர் வேலைக்கு நிற்கிற கடை.

"அண்ணாச்சி, அவன் இன்னைக்கும் கஸ்டமர் முன்னால வச்சு என்னெ எடுத்தெறிஞ்சு பேசிட்டான். நாளைக்கு வந்தாம்னா உள்ள விடாண்டாம்னு வாச்மேன்கிட்ட சொல்லியாச்சு. சட்டத்துல ஒண்ணும் வராதுல்லா?"

வரும் என்றேன். காலையில் அவரை வழக்கம்போல உள்ளே விடுங்கள், மற்றதை நான் வந்து பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் கடைகளில் மேனேஜராக இருந்தவன். இப்போது சின்னக் கடைகளுக்குச் சம்பளப் பதிவேடும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கும் எழுதிக் கொடுக்கிறேன். வக்கீல் அல்ல. ஆனால் இந்தக் கேள்வியைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் பல முதலாளிகளிடமிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் முன்னால் இருப்பது அதே ஆறு வழிகள்தான். எந்த வழியில் என்ன செலவு, என்ன ஆபத்து என்று அந்தக் கடையின் விஷயத்தை வைத்தே சொல்கிறேன்.

அந்த விற்பனையாளுக்கு ஒன்பது வருஷ சர்வீஸ். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். சேலைப் பிரிவில் அவர் நின்றால் வந்தவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷமாக நேரத்துக்கு வருவதில்லை, சொன்னால் எதிர்த்துப் பேசுகிறார், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை எல்லார் முன்னாலும் ஏசுகிறார். இந்த இரண்டு வருஷத்தில் முதலாளி எத்தனை தடவை கூப்பிட்டுப் பேசினார் என்று கேட்டேன். "எத்தனையோ தடவை" என்றார். எழுத்தில்? ஒரு வரி கூட இல்லை.

முதலில் அவர் போக நினைத்த வழியையே எடுத்துக்கொள்வோம்: வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41 இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக் கூடாது. நோட்டீஸ் தேவைப்படாத ஒரே சந்தர்ப்பம், ஒழுங்கீனக் குற்றச்சாட்டை வைத்து விசாரணை நடத்தி, அதில் திருப்தியான சாட்சியம் பதிவாகியிருப்பது. வாச்மேனிடம் சொல்லி நிறுத்துவது இரண்டிலும் சேராது. நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் சட்டப்படி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருகிறவர் என்றால் தொழில் தகராறாகவும் எழுப்பலாம்.

"நாங்க நீக்கவே இல்லையே, அவன்தானே வரலை" என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது பலருடைய கணக்கு. அது செல்லாத கணக்கு. இத்தனை நாள் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்று நிலையாணையிலேயே (நிறுவனம் எழுதிவைத்த வேலை விதிகள்) எழுதியிருந்த ஒரு வழக்கில், அப்போதும் அவரிடம் விளக்கம் கேட்டு விசாரித்திருக்க வேண்டும் என்று 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் கடைகளில் அப்படி எழுதிவைத்த விதி கூட இல்லை. 2013-இல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில், தவறாக நீக்கப்பட்டவருக்குப் பழைய சம்பளத்தோடு வேலையைத் திரும்பக் கொடுப்பதே பொதுவான விதி என்று அதே நீதிமன்றம் சொன்னது. எல்லா வழக்கிலும் முழுச் சம்பளமும் கிடைத்துவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் வழக்கு மூன்று வருஷம் இழுத்தது என்று வையுங்கள். 15,000-ஐ 36-ஆல் பெருக்கினால் 5,40,000 ரூபாய். வக்கீல் செலவும், மேலே போனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு நடக்கிற நடையும் தனி. ஒரு ராத்திரிக் கோபத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, ராஜினாமா எழுதி வாங்குவது. நம் மாவட்டத்தில் பரவலாக நடப்பது இதுதான். எனக்குப் பெரிய பயமும் இதில்தான். கடை அடைத்த பிறகு ஆளை ஆபீஸ் அறையில் உட்காரவைத்து, போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "எழுதிக் குடுத்துட்டுப் போ, இல்லேன்னா ஸ்டேஷன்ல பாத்துக்கலாம்" என்பார்கள். அப்படி வாங்கின கடிதம் மறுநாளே உங்களுக்கு எதிரான சாட்சியமாக மாறும். மிரட்டி வாங்கிய ராஜினாமா வேலைநீக்கமாகத்தான் கருதப்படும். ஆளை அறையை விட்டு வெளியே போகவிடாமல் வைத்தது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி தனிக் குற்றம். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்தால்தான் தருவேன் என்பதும் இதே ரகம். அந்த வழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அவரே மனசோடு விலக விரும்பினால் விஷயம் வேறு. அப்போது தொகை பேசி, தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தமாக எழுதிவிடுவது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. எந்த வகையில் வேலை முடிந்தாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலைநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அடுத்த மாதம் பத்தாம் தேதி வந்து வாங்கிக்கொள் என்று சொல்கிற காலம் போய்விட்டது.

மூன்றாவது வழி, கண்டும் காணாமல் இருப்பது. இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் அந்த முதலாளி இரண்டு வருஷமாக நடந்துவந்தது இந்த வழியில்தான். ஏன் என்று எனக்குத் தெரியும். நம் ஊர்க் கடைகளில் ஆள் சேருவது விளம்பரம் பார்த்து அல்ல. அம்மன் கோவில் தெருக்காரர் சொன்னார், பங்குச் சாமியார் சொன்னார், பெஞ்சாதியின் அக்கா மாப்பிள்ளை சொன்னார் என்று சேர்கிறார்கள். அப்படி வந்தவருக்கு மெமோ கொடுத்தால் ஊரில் முகம் பார்க்க முடியாதே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒன்பது வருஷம் ஒன்றாக நின்ற மனுஷனிடம் காகிதத்தை நீட்டக் கை வராது.

ஆனாலும் பொறுத்துப் போன இரண்டு வருஷமும் பின்னால் விசாரணையில் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். "இவ்வளவு நாளும் இதே மாதிரிதான் வந்தேன், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையே, இன்றைக்கு மட்டும் எப்படிக் குற்றமாயிற்று?" என்று அவர் கேட்டால் முதலாளியிடம் பதில் இருக்காது. அதோடு ஏச்சு வாங்குகிற பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வேறு கடை பார்த்துப் போய்விடுவார்கள். இந்தக் கடையில் ஒரே வருஷத்தில் நாலு பேர் அப்படிப் போயிருந்தார்கள்.

ஒரு விஷயத்தில் கண்டும் காணாமல் இருப்பது என்ற வழியே கிடையாது. பெண்களிடம் ஆபாசமாகப் பேசுவது, தொடுவது, இரட்டை அர்த்தத்தில் கிண்டல் பண்ணுவது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர். பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். புகார் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். "ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடிச்சாச்சு" என்று முதலாளியே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. சமரசம் என்றால் அதைப் புகார் கொடுத்தவர்தான் கேட்க வேண்டும். அதுவும் பணம் பேசி அல்ல. பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றால், அல்லது புகார் முதலாளி மேலேயே என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். துணிக்கடை, முந்திரி ஆலை, ஆஸ்பத்திரி என்று நம் மாவட்டத்தில் பெண்கள் கூட்டமாக வேலை செய்கிற இடங்கள் எத்தனை! அதில் எத்தனை இடத்தில் உள்ளகக் குழுவின் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறது என்று அடுத்த தடவை போகும்போது பாருங்கள்.

முதலாளிகளின் வாயைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கோபத்தில் பிறர் முன்னால் சாதிப் பெயரைச் சொல்லி ஏசிவிட்டால், ஊழியர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருக்கும்பட்சத்தில், 1989-ஆம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். அதோடு அவருடைய ஒழுங்கீனத்தை யாரும் பேச மாட்டார்கள், உங்களுடையதைத்தான் பேசுவார்கள். பேசவும் வேண்டும்.

நாலாவது, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து அனுப்புவது. கேட்பதற்குச் சுத்தமாக இருக்கும். பிரிவு 41 கேட்கிற 'நியாயமான காரணம்' அப்போதும் வேண்டும். பலர் தவறவிடுகிற இன்னொன்றும் உண்டு. தண்டனையாக அல்லாமல் ஒரு தொழிலாளியை எந்தக் காரணத்துக்காக நீக்கினாலும் அது ஆட்குறைப்புக்குள் வந்துவிடும் என்று 1976-இல் சுந்தர மணி வழக்கிலிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. அப்படியானால் ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு, அதுவும் நீக்குகிற நேரத்திலேயே. இந்த விற்பனையாளுக்கு நோட்டீஸ் சம்பளம் 15,000, இழப்பீடு ஏறத்தாழ 67,500. இதற்கு மேல் பணிக்கொடை (கிராஜுவிட்டி). கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஒன்பது வருஷத்துக்குப் பார்த்தால் சுமார் 77,900. பணிக்கொடை எந்த வழியில் போனாலும் உண்டு. அதைப் பிடித்துவைக்கச் சட்டம் ஏற்கிற காரணங்கள் மிகக் குறுகியவை: பொருளைச் சேதப்படுத்தியது, கலகம் அல்லது வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம். அதற்காகவே அவரை நீக்கியும் இருக்க வேண்டும்.

ஆக, 1,60,000 ரூபாய் பக்கம் ஆகும். கடைக்கும் அவருக்கும் இனி ஒத்துப்போகவே போகாது, கையில் பணமும் இருக்கிறது, காரணமும் எழுத்தில் இருக்கிறது என்றால் இந்த வழியை நான் தடுக்க மாட்டேன். இந்த முதலாளியிடம் எழுத்தில் காரணம் இல்லை. பணமும் கிறிஸ்துமஸ் சரக்கில் முடங்கிக் கிடந்தது.

ஐந்தாவது மெமோ. என் மனசு இதில்தான் நிற்கிறது. அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முதலாளிகள் எழுதுகிற மெமோவில் "நீர் தொடர்ந்து ஒழுங்கீனமாக நடந்து கடையின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தி வருகிறீர்" என்று இருக்கும். இதற்கு யாராலும் பதில் எழுத முடியாது, அதனாலேயே இது எதற்கும் உதவாது. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் இருந்தார்கள், வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன, இவ்வளவும் வேண்டும். "18-ஆம் தேதி மாலை 7.10-க்கு, சேலைப் பிரிவில், இரண்டு வாடிக்கையாளர்களும் மூன்று ஊழியர்களும் இருக்கும்போது, முதலாளி பில்லைக் கேட்டதற்கு 'உமக்கு வேற வேலை இல்லையா' என்று உரக்கச் சொன்னீர்கள்." இப்படி எழுதினால் அவர் அதை ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், காரணம் சொல்லலாம். விளக்கம் கொடுக்க மூன்று நாளோ ஒரு வாரமோ கொடுங்கள். தமிழில் எழுதுங்கள், இப்போது ஓட்டல்களிலும் கட்டிட வேலையிலும் வடநாட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள், அவர்களுக்கு அவர்கள் வாசிக்கிற மொழியில் கொடுங்கள். வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டு முகவரிக்கு ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது கூடுதலாக இருக்கட்டும். கடைக் குழுவில் எல்லாரும் பார்க்கப் போடுவதை மட்டும் செய்யவே கூடாது.

விளக்கம் வந்த பிறகு எச்சரிக்கைக் கடிதத்தோடு நிறுத்தலாம். பெரும்பாலும் அதுவே போதும். இதற்கு ஆகிற செலவு தபால் காசு. ஆபத்து என்று பார்த்தால், மெமோவில் பொய்யோ கூட்டிச் சொன்னதோ இருந்தால் அது உங்களைத் திருப்பி அடிக்கும், வேறொன்றும் இல்லை.

ஆறாவது, சஸ்பெண்ட் செய்து உள்விசாரணை நடத்துவது. அடிதடி, திருட்டு, கல்லாப்பெட்டியில் கைவைத்தது, அல்லது இரண்டு மூன்று எச்சரிக்கைக்குப் பிறகும் மாறாதது, இவற்றுக்கு இந்த வழி. சஸ்பெண்ட் காலத்தில் பிழைப்பூதியம் கொடுக்க வேண்டும். 1981-ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். 15,000 சம்பளக்காரருக்கு மூன்று மாதத்துக்கு 22,500. விசாரணை அதிகாரியாக முதலாளி உட்காரக் கூடாது. சம்பவத்தைப் பார்த்த சாட்சியும் உட்காரக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்க விட வேண்டும். விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து அவர் சொல்வதையும் கேட்ட பிறகுதான் தண்டனை. அறிக்கை நகலைப் பற்றி 1993-இல் கருணாகர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இவ்வளவு செய்தும், குற்றத்துக்குத் தண்டனை அதிகம் என்று தோன்றினால் தீர்ப்பாயம் அதைக் குறைக்கலாம். ஒன்பது வருஷ சர்வீஸ்காரரை ஒரு வாய்ச் சண்டைக்காக டிஸ்மிஸ் செய்தால் அது நிலைக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

போலீஸ் புகார் இதற்கெல்லாம் மாற்று வழி ஆகாது. திருட்டுக்கும் அடிதடிக்கும் கொடுங்கள், விசாரணையையும் நடத்துங்கள். எதிர்த்துப் பேசியவரை ஸ்டேஷனில் உட்காரவைக்க மட்டும் பொய்ப் புகார் கொடுக்காதீர்கள். போட்டோ போட்டு, 'இவருக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை' என்று கடை வாசலில் ஒட்டுவது அவதூறு வழக்குக்கு வாசல் திறக்கும்.

எந்த வழியில் போனாலும் உங்கள் கடை சட்டப்படி ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். 2025 நவம்பர் 21 முதல் தொழில் தகராறுச் சட்டமும் நிலையாணைச் சட்டமும் தொழிற்சங்கச் சட்டமும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. நிலையாணை இப்போது 300 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குத்தான் கட்டாயம் என்பதால், சின்னக் கடைக்கு எது ஒழுங்கீனம் என்பதை முதலாளியே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்பது நல்லது. 20 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கிற குறைதீர் குழு வேண்டும். எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். கடைகள் சட்டமோ மாநிலச் சட்டம், அது அப்படியே இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை. 2021 திருத்தத்தின்படி நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை.

அந்தக் கடையில் இரண்டாவது வழியிலும் போகவில்லை, ஆறாவதிலும் போகவில்லை. 20-ஆம் தேதி மெமோ கொடுத்தோம். அவர் முதலில் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு வாங்கினார். நாலாம் நாள் விளக்கம் வந்தது, இரண்டு பக்கம். முதலாளியிடம் அப்படிப் பேசியது தப்பு என்று முதல் பக்கத்தில் ஒத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தில், டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து ஒரு நாள் கூட விடுமுறை இல்லை, காலை ஒன்பது மணிக்கு ஏறினால் ராத்திரி பத்து மணி வரை நிற்கிறோம், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்டூலைக் கேட்டதற்கு 'கஸ்டமர் என்ன நினைப்பாங்க' என்று சொன்னீர்கள் என்று எழுதியிருந்தார்.

முதலாளி அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இது லேபர் ஆபீஸுக்குப் போயிருந்தா?" என்று கேட்டார். போயிருந்தால் விசாரணையில் முதலில் திறக்கப்படுவது அவருடைய வருகைப் பதிவேடுதான். அதில் டிசம்பர் மாதம் காலியாக இருந்தது. எரிச்சல்காரர்கள் பலர் நாம் செய்யாமல் விட்டதைத்தான் எரிச்சலோடு சொல்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். அதற்காக அவர்கள் சின்னப் பிள்ளைகளை ஏசுவது சரியாகிவிடாது. அந்த ஏச்சுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது, அதில் கையெழுத்தும் போட்டார்.

ஜனவரியில் வார விடுமுறைக்குச் சுழற்சி அட்டை எழுதிக் கொடுத்தேன். கவுன்டருக்குப் பின்னால் ஆறு ஸ்டூல் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவர் மறுபடியும் ஒரு பையனைக் கெட்ட வார்த்தை சொல்லி ஏசியிருக்கிறார். இரண்டாவது மெமோ போயிருக்கிறது. மூன்றாவது வந்தால் விசாரணை என்று அந்தக் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. விசாரணை அதிகாரியாக யாரைப் போடுவது என்று முதலாளி இப்போதே கேட்டுவைத்திருக்கிறார். அந்த விற்பனையாள் இன்றைக்கும் சேலைப் பிரிவில்தான் நிற்கிறார்.